கணவர் தொடங்கும் வாக்கியத்தை நான் முடித்துவிடுகிறேன், இது தப்பா?

கேள்வி: எனக்கு வயது 38. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே மீதி எனக்குத் தெரிந்துவிடும். வாய் தானாக அதைச் சொல்லியும் விடும். என் அக்காவும் நானும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன். நான் ஆரம்பித்தால் அவள் முடிப்பாள். என் கணவர் நிதானமாக, யோசித்து யோசித்துப் பேசுபவர். கல்யாணமான புதிதில் அவர் சொல்ல வந்ததை நான் முடித்தால் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று சந்தோஷப்படுவார். இப்போதெல்லாம் "ம், அதான்" என்று நிறுத்திக்கொள்கிறார். போன மாதம் ஒருநாள் ராத்திரி "இந்த வேலையை விட…" என்று ஆரம்பித்தார். "விட முடியாதுங்க, கடன் இருக்கே" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கள் மகனுக்கு ஏழு வயது. பேசிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்திவிட்டு, மீதியை நான் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்க்கிறான். "பையன் பாதிப் பாதியாகப் பேசுகிறான்" என்று அவன் ஆசிரியை சொல்கிறார். அக்காவிடம் இனிக்கிற பழக்கம் வீட்டில் ஏன் கசக்கிறது? அடியோடு விட்டுவிட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த "ம்" வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்க மாட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் குற்ற உணர்வைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். திக்கிப் பேசுகிறவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு சொல் கிடைக்காமல் தவிக்கிறவர்கள், பேச்சு தாமதமான குழந்தைகள், அவர்களின் வீட்டார் என்று என்னிடம் வருகிற எல்லோரோடும் எனக்கு வேலை பேச்சில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அடுத்தவர் வாக்கியத்தை மனசுக்குள் முடித்துப் பார்க்காத ஆளே கிடையாது. நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2009-இல் பத்து மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்கியதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். சராசரி சுமார் 0.2 வினாடி. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் எல்லாம் அதை ஒட்டியே வந்தன. ஆனால் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், அந்த ஒரு சொல் வாயில் வருவதற்கே சுமார் 0.6 வினாடி பிடிக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகுதான் நாம் யோசிக்கவே ஆரம்பிப்போம் என்றால் 0.2 வினாடியில் பதில் எங்கிருந்து வரும்? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கே போய் முடிப்பார் என்று கணித்து, நம் பதிலையும் தயாராக வைத்துக்கொள்கிறோம். இப்படிக் கணிக்காவிட்டால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பேச்சு தடுக்கித் தடுக்கித்தான் நகரும்.

மூளையின் மின்னலைகளிலும் இது தெரியும். 1980-இல் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர், வாக்கியங்களைச் சொல் சொல்லாகக் காட்டிச் சோதித்தார்கள். "கதவைத் தட்டினேன், யாரோ வந்து…" என்று ஒரு வாக்கியம் போகிறது என்று வையுங்கள். "திறந்தார்" என்று முடிந்தால் மூளை பேசாமல் ஏற்றுக்கொள்ளும். "நீந்தினார்" என்று முடிந்தால், அந்தச் சொல் வந்த 0.4 வினாடிக்குள் மின்னலையில் தனியாக ஒரு சலனம் தெரியும். வரவேண்டிய சொல்லுக்கு மூளை முன்பே இடம் ஒதுக்கி வைத்திருந்தது என்பதற்கு அது அடையாளம். ஆகவே மீதி உங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது என்பதை நான் அப்படியே நம்புகிறேன். அதற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள முடியாது.

அப்புறம், உங்கள் அக்கா விஷயம். அது இனிப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மனிதர்கள் பேசிக்கொள்வதை ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல், இழுவைக்கு இழுவை ஆராய்கிற துறை ஒன்று உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கர். 1960-களில் அவர் தம் வகுப்புகளில் எடுத்துப் பேசிய ஒரு பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு குழுச் சிகிச்சையில் சில இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக ஒரு பையன் உள்ளே வருகிறான். "நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்றால்" என்ற வகையில் ஒருவன் வாக்கியத்தைத் தொடங்குகிறான், அடுத்தவன் அதைத் தொடர்கிறான், மூன்றாமவன் முடிக்கிறான். மூன்று பேர் வாய், ஒரே வாக்கியம். வந்தவனுக்கு அதில் கிடைத்த செய்தி அந்த வாக்கியத்தின் பொருள் மட்டும் இல்லை. "நாங்கள் ஒரு கூட்டம்" என்பதை அந்த மூவரும் வாயால் சொல்லாமலே செய்து காட்டிவிட்டார்கள்.

நீங்களும் அக்காவும் செய்வது அதேதான். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, பிறகு வீட்டில் என்ன கோளாறு? ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஜீன் லெர்னர் என்ற ஆய்வாளர் 1991-இல் விரிவாக எழுதினார். சில வாக்கியங்கள் முன்பாதியிலேயே "எனக்கு ஒரு பின்பாதி இருக்கிறது" என்று சொல்லிவிடும். தமிழில் "மழை வந்தால்…" என்று ஒருவர் நிறுத்தினாலே போதும், மீதியை எடுத்துக்கொடுக்க நாலு பேர் வருவார்கள். அந்த "ஆல்" என்கிற சின்ன விகுதி கதவைத் திறந்து வைத்துவிடுகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். முடித்துக் கொடுத்தவரோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. தொடங்கியவர் "ஆமாம்" என்றோ "இல்லை, நான் சொல்ல வந்தது வேறு" என்றோ ஒரு வார்த்தை சொல்வார். அவர் அதைச் சொல்கிறவரை, முடித்துக் கொடுத்தது வெறும் ஊகம்தான். வாக்கியம் இன்னும் அவருடையது.

உங்கள் அக்காவோடு பேசும்போது இந்த மூன்றாவது வார்த்தை கட்டாயம் வரும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். நீங்கள் தப்பாக முடித்தால் அக்கா "ஐயோ அது இல்லடி" என்று உடனே வெட்டுவாள். சரியாக முடித்தால் "அதேதான்!" என்று சேர்ந்துகொள்வாள். பதிலுக்கு உங்கள் வாக்கியத்தையும் பறித்துக்கொண்டு ஓடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம், ஒரே உரிமை. உங்கள் கணவர் நிதானமாகப் பேசுபவர் என்கிறீர்கள். நீங்கள் முடித்த கையோடு அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறீர்கள் என்று உங்கள் உதாரணத்திலிருந்து தெரிகிறது. "விட முடியாதுங்க" என்பது அவருடைய வாக்கியத்தின் பின்பாதி, "கடன் இருக்கே" என்பது அதற்கு உங்கள் பதில். ஒரே மூச்சில் இரண்டும் வந்துவிட்டன. "இல்லை" என்று சொல்ல அவருக்கு எங்கே இடம் இருந்தது? உள்ளே நுழைய வழியில்லாதவர் "ம்" என்றுதான் சொல்வார்.

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும். யார், எப்போது, உண்டா இல்லையா, கேள்வியா செய்தியா, நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்று எல்லாமே அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. "நான் அண்ணனிடம் அந்த விஷயத்தைச் சொல்ல…" என்று ஒருவர் நிறுத்தினால் என்ன தெரிந்துவிட்டது நமக்கு? வேண்டும், வேண்டாம், இல்லை, மாட்டேன், மறந்துவிட்டேன், பயந்தேன். ஆறும் வேறு வேறு வாழ்க்கை. இப்படி முடிவுக்குக் காத்திருக்கிற வினைக்கு நம் இலக்கணத்தில் வைத்த பெயர் எச்சம், முடிந்துவிட்டால் முற்று. தொல்காப்பியம் எச்சத்தைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. பிறகு சொல் வந்து முடித்துவைக்கிற எச்சங்களும் அதில் உண்டு. குறிப்பெச்சம் போன்றவற்றை முடிக்கச் சொல்லே வராது, குறிப்பால்தான் மீதியை உணர வேண்டும். பேசுகிறவர் மிச்சம் வைப்பதும் கேட்கிறவர் அதை உணர்வதும் நம் ஆட்களுக்கு அவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம்.

இப்போது உங்கள் கணவரின் வாக்கியத்துக்கு வருவோம். "இந்த வேலையை விட…"

நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இந்த வேலையை விட முடியாது. விட வேண்டும். விடப் போகிறேன். விட மனசு வரவில்லை. விடச் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னது ஒரு பெரிய செய்தி, யோசித்துப் பாருங்கள். இவை எல்லாவற்றிலும் "விட" என்றால் கைவிட. ஆனால் "இந்த வேலையைவிடப் பழைய வேலை தேவலை" என்றும் அவர் முடித்திருக்கலாம். "இந்த வேலையைவிட எனக்கு வீட்டில் நிம்மதி" என்றும் சொல்லியிருக்கலாம். அங்கே "விட" என்பது வினையே கிடையாது, இரண்டை ஒப்பிடுகிற உருபு. காதில் விழும்போது இரண்டும் ஒரே ஒலி. கடன் கவலை உங்கள் மனத்தில் முன்னால் நின்றது, அதனால் உங்கள் காது முதல் பொருளை எடுத்துக்கொண்டது. யாருக்கும் அப்படித்தான் நடக்கும். அவர் மனத்தில் என்ன நின்றது என்பது இன்று வரை அவருக்கு மட்டும் தெரியும்.

"பதினோரு வருடம் கூடவே வாழ்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நெருக்கம் சில சமயம் நம்மை ஏமாற்றும். அமெரிக்காவில் 24 தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நாற்காலிகளில் முதுகைக் காட்டி உட்கார வைத்து, இரண்டு மூன்று பொருள் தருகிற வாக்கியங்களை ஒருவர் சொல்ல, என்ன பொருளில் சொன்னார் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். சொன்னவர் சில முறை கணவர் அல்லது மனைவி, சில முறை முன்பின் தெரியாத ஆள். தம் துணை தம்மைச் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எல்லோரும் நம்பினார்கள். முன்பின் தெரியாதவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முடிவைப் பார்த்தால், துணையாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஒன்றும் அதிகமாகப் புரிந்துகொள்ளவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது "இவருக்குத் தெரியுமோ தெரியாதோ" என்று ஒரு ஜாக்கிரதை இருக்கிறது. நெருங்கியவரிடம் அந்த ஜாக்கிரதையை நாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

என் சிகிச்சை அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவர், பக்கவாதம் வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. பேசினால் புரிந்துகொள்வார், சொல்தான் வராது. பக்கத்தில் மனைவி. அவர் திடீரென்று இடது கையைத் தூக்கி, எதையோ திருகுவது போல் காற்றில் காட்டினார். "கதவா?" என்றார் அந்த அம்மா. "கதவு பூட்டலையா? பூட்டிட்டுத்தானே வந்தேன். ஜன்னலா? மாடிக் கதவா?" ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தலையை அசைக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. அன்பினால்தான் வந்தது, அவர் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல். நாலாவது கேள்வியில் அவர் கை கீழே இறங்கிவிட்டது. முகமும் அதோடு மூடிக்கொண்டது.

நான் அந்த அம்மாவின் கையை மெதுவாகத் தொட்டு, பொறுங்கள் என்று சைகை காட்டினேன். அவரைப் பார்த்து, "ஐயா, நாங்க இருக்கோம், நிதானமா சொல்லுங்க" என்றேன். சுவரில் கடிகார முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வினாடி. அறையில் மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்பது வினாடி என்பது மிக நீளம். பிறகு "சா…" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "சாவி… தம்பி" என்றார். சாவி அவருடைய தம்பியிடம் இருக்கிறது, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத்தான் அவ்வளவு நேரமாகச் சொல்ல முயன்றிருக்கிறார். அந்த அம்மாவின் ஊகங்கள் எல்லாம் கதவைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தன, அவர் தம்பியிடம் போய்விட்டிருந்தார்.

அதற்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சார்ல்ஸ் குட்வின் என்ற ஆய்வாளர் தம் அப்பாவைப் பற்றி 1995-லிருந்து எழுதியவை அதற்கு நேர் உதாரணம். இடது மூளையில் பாதிப்பு ஏற்பட்டபின் அந்தப் பெரியவரிடம் எஞ்சிய சொற்கள் மூன்று: ஆமாம், இல்லை, மற்றும். அந்த மூன்றையும், குரலின் ஏற்ற இறக்கத்தையும், கையையும் வைத்துக்கொண்டு வீட்டார் நடுவில் அவர் வருடக் கணக்கில் பேசி வாழ்ந்தார். எப்படி? சுற்றி இருப்பவர்கள் அவருக்காக வாக்கியத்தை முடித்துக் காட்டுவார்கள். தப்பென்றால் "இல்லை, இல்லை" என்பார். வேறு விதமாக முடிப்பார்கள். சரியானது வரும்வரை விடமாட்டார். வந்ததும் "ஆமாம்" என்பார். சொற்கள் எல்லாம் மற்றவர்களுடையவை, பேச்சு அவருடையது. அவருடைய "இல்லை"க்காக அந்த வீடு காத்திருந்தது என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். வாய் நிறையச் சொற்கள் உள்ள உங்கள் கணவருக்கு அந்த "இல்லை" சொல்லும் இடம் உங்கள் வீட்டில் இப்போது இல்லை என்று நினைக்கிறேன்.

எப்போது எடுத்துக்கொடுப்பது, எப்போது பொறுப்பது என்று எப்படித் தெரியும்? கண்ணைப் பாருங்கள். இதுவும் சார்ல்ஸ் குட்வினும் அவர் மனைவி மார்ஜரியும் 1986-இல் எழுதியதுதான், நானும் தினமும் பார்க்கிறேன். சொல் தேடுகிறவர் முதலில் கண்ணை வேறு எங்கோ திருப்புவார், மேலேயோ தரையையோ பார்ப்பார், முகத்தில் ஒரு யோசனை இருக்கும். அப்போது அவர் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறார், உள்ளே போகாதீர்கள். தேடிக் கிடைக்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்து, "அது பேரு என்ன…" என்கிறாரே, அது அழைப்பு. அப்போது கொடுங்கள். கொடுக்கும்போது கேள்வியாகக் கொடுங்கள். தமிழ் இதற்கு ஓர் எழுத்தைத் தந்திருக்கிறது, "ஆ". "முடியாது" என்று சொன்னால் அடித்து மூடின மாதிரி. "முடியாதா?" என்று கேட்டு நிறுத்தினால், "ஆமாம்" என்பதும் "அது இல்லை" என்பதும் அவர் கைக்குப் போய்விடும். நிறுத்துவது முக்கியம். "முடியாதா? கடன் இருக்கே!" என்றால் பழைய கதைதான்.

பொறுத்தால் நேரம் ஆகிவிடுமே என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம், வீட்டு வேலைகளுக்கு நடுவில் யாருக்குத்தான் இல்லை. மருத்துவர்களுக்கும் இதே பயம் உண்டு. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும் மருத்துவர் எவ்வளவு நேரத்தில் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் அளந்தபோது சராசரி 18 வினாடி வந்தது. 1999-இல் இன்னொரு முறை அளந்தபோது 23 வினாடி. அந்த இரண்டாவது ஆய்வில் கிடைத்த ஒரு விவரத்தை என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு எப்போதும் சொல்வேன். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்ட நோயாளிகள், குறுக்கிடப்பட்ட நோயாளிகளைவிட அதிகமாக எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 6 வினாடிதான்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் அவசரம் காட்டுங்கள். கணவர் பேசக் கற்றுக்கொண்டுவிட்டவர், அவர் பேசாமல் இருப்பது மனவருத்தத்தால். பையன் இன்னும் வாக்கியம் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறான். நடந்ததை வரிசையாகச் சொல்வது, "ஏனென்றால்", "அதனால்", "இருந்தாலும்" என்று ஒன்றோடொன்று கோப்பது எல்லாம் இந்த வயதில் வாய் திறந்து, தடுமாறி, திருத்தித்தான் வரும். பின்பாதியை எப்போதும் அம்மா போட்டுவிட்டால் அவனுக்கு முன்பாதிதான் பழக்கமாகும். அவன் உங்களை நிறுத்திப் பார்ப்பதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. வாக்கியம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து செய்வது என்று நீங்கள் கற்றுக்கொடுத்ததை நன்றாகக் கற்றிருக்கிறான்.

அவன் நிறுத்தி உங்களைப் பார்க்கும்போது, ஆர்வத்தோடு அவனையே பாருங்கள், பேசாதீர்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சுமார் ஒரு வினாடி. அதை மூன்று வினாடிக்கு நீட்டச் சொன்னபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவதும் குறைந்தது. மூன்று வினாடி போதும் தொடங்க. மூன்றுக்குப் பிறகும் வராவிட்டால் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் எப்படியோ முடித்துவிட்டால், குறையாக முடித்தாலும், முதலில் அந்தச் செய்திக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு வேண்டுமானால் அவன் சொன்னதையே சற்று நிறைவாகத் திருப்பிச் சொல்லலாம். "பந்து மேல போய்… அந்தப் பக்கம்" என்றால், "ஓ, சுவரைத் தாண்டிப் பந்து அந்தப் பக்கம் விழுந்துடுச்சா!" அவன் முடித்த பிறகு நீங்கள் சேர்ப்பது கற்பித்தல். அவன் முடிக்கும் முன்பு சேர்த்தால் அவன் முயல்வதற்கே எதுவும் மிஞ்சாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். நிற்கும் இடத்தில் அவன் சொல்லின் முதல் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானா, "ப்ப்ப்பந்து" என்பது போல? ஒலியை இழுக்கிறானா, வாய் திறந்தும் சத்தம் வராமல் நிற்கிறானா, முகமோ கழுத்தோ இறுகுகிறதா? அப்படி இருந்தால் அது திக்குதலாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். செவித்திறனையும் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது. திக்கிப் பேசுகிற பெரியவர்கள், நூற்றில் ஒருவருக்கு உண்டு அது, "எனக்கு மிகவும் வலிப்பது எது தெரியுமா?" என்று சொல்லும்போது திரும்பத் திரும்ப வருவது இதுதான்: தெரிந்த சொல்லை, சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லை, இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது. சிலர் தங்கள் பெயரையே அடுத்தவர் சொல்லி முடிக்கக் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் திக்குதலுக்கான அடையாளம் எதுவும் இல்லை. "பாதிப் பாதியாக" என்று ஆசிரியை சொன்னது என்ன பொருளில் என்று அவரிடமே ஓர் உதாரணம் கேட்டு வாங்குங்கள். நீங்களாக ஊகிக்காதீர்கள்.

பழக்கத்தை அடியோடு விட முடியுமா என்று கேட்டீர்கள். மனசுக்குள் முடிப்பதை விட முடியாது, அது மூச்சு மாதிரி. அது வாய்க்கு வரும் வழியில் ஒரு நொடி நிறுத்தலாம். என்னிடம் வருகிற சிலருக்கு நான் சொல்லும் உபாயம்: மீதி தோன்றியதும் அதை மனசுக்குள் முழுதாகச் சொல்லிக்கொண்டு, அவர் உண்மையில் எப்படி முடிக்கிறார் என்று ஒத்துப் பாருங்கள். ஒரு வாரம் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆச்சரியத்தோடு திரும்பி வருகிறார்கள். அவர்கள் நினைத்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. பல சமயம் கருத்து ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மனிதர் தேர்ந்தெடுத்த சொல் வேறாக இருக்கும். "பிடிக்கவில்லை" என்று நீங்கள் முடித்து வைத்திருந்த இடத்தில் அவர் "பயமாக இருக்கிறது" என்பார். முடிக்கவிட்டதால்தான் அது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கணவரிடம் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். "இனிமே நான் குறுக்க பேச மாட்டேன்" என்ற சத்தியமும் வேண்டாம், மறுநாளே மீறிவிட்டு வருத்தப்படுவீர்கள். மீறினால் பாதகமில்லை. "ம், அதான்" என்று அவர் சொன்ன நொடியில், "இல்லைங்க, நான் முந்திக்கிட்டேன், நீங்க என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிடுங்கள். வாக்கியத்தைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபம். முதல் சில முறை "அதேதான்" என்று தட்டிக் கழிப்பார். பதினோரு வருடப் பழக்கம் அவருக்கும் இருக்கிறது அல்லவா.

அந்த ராத்திரிப் பேச்சை மட்டும் தனியாக எடுங்கள். பையன் தூங்கின பிறகு, இரண்டு பேர் கையிலும் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: "போன மாசம் ஒருநாள் 'இந்த வேலையை விட'ன்னு ஆரம்பிச்சீங்க, நான் நடுவுல புகுந்துட்டேன். மீதி என்னங்க?" மறந்துபோச்சு என்று சொன்னால் துருவாதீர்கள். இரண்டு நாள் கழித்து, கதவைப் பூட்டும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, சம்பந்தமே இல்லாமல் "அன்னைக்குக் கேட்டியே…" என்று தொடங்குவார். தொடங்கிவிட்டு நடுவில் நிற்பார், கண் வேறு எங்கோ போகும். அப்போது அப்படியே நின்று காத்திருங்கள்.